குறட்டை நின்ற மதியம்

என் அன்புக்கு உரியவருக்கு,

இங்கே நானும் மகளும் உங்கள் அண்ணனும் உயிரோடு இருக்கிறோம். மூவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஒருவரைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை. பதறாதீர்கள். காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தாலே நாலு 'சரி' போட்டு வைத்துவிடுவீர்கள். கடிதத்துக்கு நடுவில் சரி போட முடியாது.

அண்ணி தன் மகளின் பிரசவத்துக்காகப் போனதிலிருந்து அண்ணனுக்குத் தூக்கமே இல்லை. பக்கத்தில் திட்டுவதற்கு ஆள் இல்லாமல் கண் மூட மாட்டேன் என்கிறதாம். டாக்டரிடம் போங்கள் என்றேன். போனால் இல்லாத வியாதியை எல்லாம் கண்டுபிடிப்பார்கள் என்றார். பஸ் நிறுத்தத்தில் செல்போன் உறை விற்கிற ஒருவன், உறைகளுக்கு அடியில் தூக்க மாத்திரையும் வைத்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற அதே மாத்திரைதான், அட்டை மட்டும்தான் இல்லை என்றானாம். துணியில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்கிற மனிதர், காகிதத்தில் மடித்துக் கொடுத்ததை மறுபேச்சில்லாமல் வாங்கி வந்துவிட்டார்.

முதல் மாத்திரையில் கட்டையாகத் தூங்கினாராம். மறுநாள் போட்டதில் ஒன்றுமே ஆகவில்லையாம். அதனால் செவ்வாய்க்கிழமை மதியம், ஒரு குட்டித் தூக்கம் போடலாம் என்று இரண்டாக விழுங்கியிருக்கிறார். போதாததற்குக் கூட்டாளி ஒருவர் ஊற்றிக் கொடுத்த அரை டம்ளர் வேறு. இதெல்லாம் பின்னால்தான் எனக்குத் தெரியும்.

நான் நம் தையல் கடையில் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அளவு நாடாவோடு வந்து வாசல் பொம்மைக்கு மார்பளவு எடுத்தார். மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள், அப்புறம் சட்டை பத்தாது என்று அதனிடம் மிக மரியாதையாகச் சொன்னார். பிறகு போலீஸ் இன்ஸ்பெக்டரின் சீருடைச் சட்டைக்கு மூன்றாவதாக ஒரு கை தைத்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கடைசியில் வெட்டுகிற மேசைமேல் சாய்ந்து ஒரு குறட்டை விட்டார் பாருங்கள், தையல் மிஷின் தோற்றது. பாவம், பாக்கித் தூக்கத்தையெல்லாம் சேர்த்துத் தூங்குகிறார் என்று மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டரே வந்து நின்றார். சட்டையை மேசைக்கு அடியில் ஒளித்துவிட்டு, குண்டூசி குத்தி வைத்திருந்த கால்சட்டையை அளவு பார்க்கக் கொடுத்தேன். திரைக்குப் பின்னாலிருந்து போட்டுக்கொண்டு வந்தவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தார். இவர் எப்போதும் இப்படித்தான் குறட்டை விடுவாரா என்று கேட்டார். நானும் பெருமையாக, இன்றைக்குக் கொஞ்சம் கூடுதல் என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, குறட்டை நின்றுவிட்டது.

அடுத்த மூச்சு வரும் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கிட்டே போனால் உதடு நீலம் பாரித்திருந்தது.

இன்ஸ்பெக்டர் அண்ணனைப் புரட்டி, நெஞ்செலும்பில் விரல் முட்டிகளால் அழுத்தித் தேய்த்தார். ஒரு மூச்சு வந்தது. அப்படியே தோளில் போட்டுக்கொண்டு ஜீப்புக்கு ஓடினார். வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் இன்ஸ்பெக்டர் "அம்மா" என்றார். எவ்வளவு இளகிய மனம் என்று நினைத்து நானும் கூடவே "அம்மா" என்றேன். ஆஸ்பத்திரியில் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது, அத்தனையும் என் குண்டூசிகள்.

ஆக்சிஜன் வைத்தார்கள், குழாய் போட்டார்கள். மறுநாள் அங்கிருந்த டாக்டரம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னார். தூக்க மாத்திரைகளை எங்கிருந்தோ திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து பொடித்து, கண்டதையும் கலந்து, எவனோ ஒரு அறைக்குள் மறுபடி மாத்திரையாக அழுத்தி விற்கிறானாம். ஒன்று போல ஒன்று இருக்காதாம். ஒன்று தூங்க வைக்கும், ஒன்று சும்மா இருக்கும், ஒன்று மூச்சை நிறுத்தும். மதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கடைசியாக அவர் சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது: "அது தூக்கத்துல வர்ற குறட்டை இல்லம்மா, மூச்சு முட்டுற சத்தம். நல்லா தூங்கட்டும்னு கதவைச் சாத்திட்டுப் போனவங்க எத்தனையோ பேர்."

நான் மின்விசிறியைத் திருப்பிவிட்டதை அவரிடம் சொல்லவில்லை.

அண்ணன் கண் விழித்ததும் விற்றது யார் என்று இன்ஸ்பெக்டர் விசாரித்தார். நல்ல பையன் சார், மரியாதையா பேசுவான் என்றார் உங்கள் அண்ணன். அதற்குள் நல்ல பையன் உறைகளையும் விட்டுவிட்டு ஓடியே போய்விட்டான். மூன்று கைச் சட்டையை இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார். மறுபடி தைக்கச் சொன்னார், ஊசி இல்லாமல்.

இனிமேல்தான் நான் எழுத வந்தது.

இரவு வேலை முடிந்து பகலில் தூக்கம் வரவில்லை என்றீர்கள். அறையில் கூட இருக்கிறவர் எங்கிருந்தோ வாங்கி வந்து ஒரு மாத்திரை தருகிறார், அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறேன் என்று போன மாதம் சொன்னீர்கள். கேட்டு மகிழ்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை மகளிடம் பரீட்சை எப்போது என்று இரண்டு தரம் கேட்டீர்கள். நாக்கு குழறியது. அப்பாவுக்கு என்ன என்று அவள் கேட்டாள். லைன் சரியில்லை என்றேன்.

உங்களைக் கோபித்துக்கொள்ள எழுதவில்லை. அவர் தருவதை இனி வாங்காதீர்கள். ஆனால் பல நாள் பழகியதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்தாம், டாக்டரம்மா சொன்னார். அதனால் கடிதத்தை மடிக்கும் முன்பே ஒரு டாக்டரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும். பொத்தான் வைக்க நான் கற்றுத் தருகிறேன்.

தூக்கம் வராவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், எந்த நேரமானாலும். நான் பேச ஆரம்பித்தால் தூங்கிவிடுவீர்கள் என்பதைக் கல்யாணமான புதிதிலேயே நிரூபித்தவர் நீங்கள். தூங்கினாலும் போனை மட்டும் அணைத்துவிடாதீர்கள். நீங்கள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே நான் இங்கே பொத்தான் வைத்துக்கொண்டிருப்பேன்.

நூறாண்டு நீங்கள் குறை சொல்லிக்கொண்டு வாழ வேண்டும் என்று வேண்டுகிற,
உங்கள் வீட்டுக்காரி