மழை நாளும் பிரவுன் பம்பும்

ஜூன் 10, செவ்வாய்

ஒரு வார மழை விட்டு, இன்றுதான் வேலை. ரப்பர் பால் வாளியோடு மேடு ஏறும்போது மூச்சு இழுத்தது. ஆஸ்துமாவுக்குத் தந்த நீலப் பம்பை வாயில் அடித்ததும் அடங்கியது. வேலை முடிந்து கிளினிக்குக்குப் போனேன்.

"பிரவுன் பம்ப தினமும் அடிச்சீங்களா அக்கா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"மழையில பால்வெட்டு இல்லைங்க மிஸ்ஸி. மேடு ஏறாத நாள்ல எதுக்குன்னு விட்டுட்டேன்."

"மழைக்கு வேலதான் நிக்கும். நெஞ்சுக்குள்ள வீக்கம் நிக்காது. தினமும் அடிச்சாத்தான் ஏறுறப்ப இழுக்காது."

என்மேல்தான் எனக்குக் கோபம். வேலையில்லாத நாளிலும் வெட்டுக் கத்தியைத் தீட்டி வைக்கிறவள் நான்.

இப்போது தகரக் கூரையில் மறுபடியும் மழை. நாளைக்கு வேலை இருக்காது. பிரவுன் பம்பை அடித்து, வாய் கொப்பளித்துவிட்டேன். மழை விடட்டும், அந்த மேட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.