திரைக்கு இந்தப் பக்கம் தைத்தவை

மாமி,

இன்று காலை கல்முனை பஸ் நிலையத்தில் நம்முடைய பேர்ஸ் ஒன்றைக் கண்டேன். எனக்கு முன்னால் நின்ற பெண் கைப்பையைத் திறந்து அதை வெளியே எடுத்தார். மேலே நீலக் கட்டம் போட்ட மருதமுனைச் சாரன் துணி, உள்ளே மஞ்சள் பூப் போட்ட சீத்தைத் துணி. ஓரத்தில் சாய்ந்து சாய்ந்து ஓடும் பெரிய தையல். அந்தத் தையலை உலகத்தில் என்னைத் தவிர யாரும் போட மாட்டார்கள், போடவும் கூடாது. நான் ஏற வேண்டிய பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயும் விட்டது. நான் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போனார். "இது என் மாமி வெட்டிய துணி" என்று சொன்னால் நம்பவா போகிறார்?

நமது ஊர்களில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். போன இடத்தில் எனக்குச் சோற்றுக்குக் குறைவில்லை. உங்கள் பேச்சுக்குத்தான் பஞ்சம். மருமகனோடு நேருக்கு நேர் கதைப்பது மரியாதையில்லை என்பது உங்கள் பிடிவாதம். மார்க்கத்தில் அப்படியொன்றும் இல்லை என்று மௌலவியே சொன்னார். அதையும் நீங்கள் அறை வாசல் திரைக்குப் பின்னால் நின்றுதான் கேட்டீர்கள்! ஆறு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும், திரைக்குக் கீழே தெரியும் உங்கள் கால்விரல்களைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். எனக்குச் சொல்ல வேண்டியதை உங்கள் மகள் நசீராவிடம் சொல்வீர்கள். அவள் வீட்டில் இல்லாவிட்டால் பூனையிடம். "பூனையே, மீன் ஆணம் ஆறுது" என்றால் நான் சாப்பிட எழும்ப வேண்டும்.

பிறகு நான் விழுந்தேன். இறக்காமத்து நெல் ஆலையில் மூட்டைகளுக்கு வாய் தைப்பதுதான் என் தொழில். அடுக்கின் உச்சியிலிருந்து சறுக்கி முழங்காலை நொறுக்கிக்கொண்டேன். ஆலைக்குப் போக முடியாமல் பகல் முழுவதும் வீட்டில் கிடந்தேன்.

அந்தப் பகல்கள் இப்போது நித்திரையில் கண்டவை போலத் தோன்றுகின்றன. கடல் காற்றுக்குத் திரை உப்பும், மெல்ல வடியும், மறுபடி உப்பும். அந்தப் பக்கம் உங்கள் கத்தரிக்கோல் நறுக் நறுக்கென்று போய்க்கொண்டிருக்கும். தையல் கடையிலிருந்து வந்த துண்டுத் துணிகளை நிறம் பார்த்துச் சோடி சேர்த்துக்கொண்டிருப்பீர்கள். நடுப்பகல் லுஹர் பாங்கு எங்கிருந்தோ மிதந்து வரும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு எவ்வளவு நிம்மதியான வீடு! உள்ளே நான் வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன். உழைக்காமல் பெண் வீட்டில் சாப்பிடுகிறேனே என்று ஒவ்வொரு கவளத்தையும் எண்ணிக்கொண்டிருந்தேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது இன்னும் மோசமாக இருந்தது.

ஒரு நாள் நசீரா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். திரைக்கு அப்பால் ஒரு பெருமூச்சு.

"பூனையே, இந்த ஊசிட கண்ணும் தெரியிதில்ல, எண்ட கண்ணும் தெரியிதில்ல. ஆரு கோத்துத் தாற?"

நான் நூலைக் கோத்துத் திரைக்குக் கீழே தள்ளினேன். பிறகு இரண்டு துணித் துண்டுகள் நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் சேர்த்து, குண்டூசி குத்தி, என் பக்கம் வந்தன. தைக்கச் சொல்கிறீர்கள் என்று விளங்கியது. மூட்டை தைத்த கைக்கு இது என்ன பெரிய வேலை? நாலு பக்கமும் இறுக்கித் தைத்து, முடிச்சும் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.

நீங்கள் சிரித்த சிரிப்பு! ஆறு வருடத்தில் அதை நான் கேட்டதேயில்லை.

"பூனையே, மருமகன் நெல்லு மூட்டையெல்லோ கட்டியிரிக்கார்! ரெண்டு விரல் வாய் விடாமத் தைச்சா எதால பொரட்டி எடுக்கிற?"

ஊசி மொட்டை என்று முணுமுணுத்தேன். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம், பூனையே" என்று உடனே பதில் வந்தது. தைத்ததைப் பிரித்து, வாய் விட்டு மறுபடி தைத்தேன். அந்த வாய்க்குள் விரலை விட்டு இழுத்தபோது, உள்ளே ஒளிந்திருந்த பூக்களெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வாயை மூடி, மூன்றாக மடித்து, பொத்தான் வைத்தால் பேர்ஸ். பெரிய மனிதன் நான், ஒரு பேர்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்காக வெட்கம் போய்விடவில்லை. ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பையைக் கட்டினேன். சம்மாந்துறையில் என் உம்மா வீட்டுக்குப் போய்விடுவது, கால் சரியானால் வருவது என்று முடிவு. நசீரா அழுதாள். நான் வாசலில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"பூனையே, போறவரப் புடிச்சு வைக்க எனக்கு ஏலா. ஆனா நாப்பது சோடி வெட்டி வச்சிரிக்கன். இந்த வூட்டு ஆள் தைக்காட்டி ஆரு தைக்கிற?"

பூனை மதிலில் நித்திரையாகக் கிடந்தது. 'இந்த வூட்டு ஆள்' என்று நீங்கள் சொன்னது அதையல்ல என்பது எனக்கு விளங்கியது. ஆனாலும் முழுக்க நம்ப மனம் வரவில்லை. பூனைக்குச் சொன்னதை எப்படி எனக்கென்று எடுத்துக்கொள்வது? பையை வைத்துவிட்டு ஊசியை எடுத்தேன். அந்த நாற்பதும் முடிந்து, அதற்குப் பிறகு எத்தனையோ தைத்தோம். அவற்றைக் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் வாங்கிக்கொண்டார். பூனை இறந்த பிறகும் நீங்கள் பூனையிடம்தான் கதைத்தீர்கள்.

போன பெருநாளுக்குப் பிறகு நீங்கள் மவுத்தானீர்கள். ஜனாஸாவைத் தூக்கும் நேரம் கபுறுக் குழியில் யார் இறங்குவது என்ற கதை வந்தது. உங்களுக்கு ஆண் பிள்ளை இல்லை. உங்கள் கூடப்பிறந்த காக்காவின் மகன் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். உள்ளேயிருந்து நசீராவின் குரல் வந்தது: "இவர்தான் இறக்கணும். உம்மா சொல்லிட்டுப் போயிரிக்கா."

"கால் ஏலாத மனிசன் எப்பிடி இறங்குற?" என்றார் ஒருவர். "உம்மா சொல்லிட்டுப் போயிரிக்கா" என்று அவள் மறுபடியும் சொன்னாள்.

இறங்கினேன், மாமி. இரண்டு பேர் தோளைப் பிடித்தார்கள். கடற்கரை மண் சரிந்து சரிந்து விழுந்துகொண்டிருந்தது. உங்களைக் கையில் வாங்கி, கிப்லாப் பக்கம் சாய்த்துக் கிடத்தி, கபன் துணியின் முடிச்சுகளை அவிழ்த்தேன். அப்போதுதான் முதல் தடவையாக உங்களை நேரே "மாமி" என்று கூப்பிட்டேன். நான் ஓதுகிறேன் என்று மேலே நின்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நசீராவிடம், நீங்கள் சொன்னதைச் சொன்னபடியே சொல்லச் சொன்னேன். "'என்னய எண்ட மகன் இறக்கட்டும்' எண்டு சொன்னா" என்றாள்.

இப்போதும் சில நாட்களில் ஒரு காரணமும் இல்லாமல் அடுப்படி வாசலில் போய் நின்று கேட்கிறேன்: "மருமகன் எண்டு சொல்லல்லயா?"

நசீரா அரிசி களைந்த கையோடு நிமிர்ந்து, முதல் நாள் சொன்னது போலவே சொல்கிறாள்: "இல்ல. மகன் எண்டுதான் சொன்னா."