கூடையைக் காலி செய்தவள்

ஜூன் 4, புதன்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இங்கே போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவது வழக்கம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். நீ சாப்பிட்டாயா என்பாய், நான் சாப்பிட்டேன் என்பேன். அதோடு சரி.

புதன்கிழமைகளில் இரண்டு மணி நேரம் நூலகத்துக்கு வருகிறேன். அதற்கு அவர் தடை சொல்வதில்லை. வந்து சேர்ந்ததும் அலமாரி முன்னால் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். கடைக்குப் போனால் கடை வாசலில் ஒன்று. பல் வைத்தியரிடம் போனால் அங்கே ஒன்று. அக்கறை என்கிறார். அந்தப் படங்கள்தான் கூடத்து டிவியில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி விறைப்பாக நிற்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். ஏப்ரலில் அவர் என் போனைச் சுத்தம் செய்து கொடுத்தார். என் பழைய கணக்கை எடுத்துவிட்டு, இருவருக்கும் பொதுவாக ஒன்று போட்டு, நான் அவருக்கு அனுப்பிய படங்களை எல்லாம் அதில் ஏற்றினார். கல்லூரி நாளிலிருந்து ஆன்லைனில் சேர்ந்திருந்த ஆறாயிரம் படங்களும் போய்விட்டன. கேட்டதற்கு, "பழசெல்லாம் இடத்த அடைச்சிக்கிட்டு இருந்துச்சு, உனக்கெதுக்கு அது?" என்றார். நியாயம்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. உன்னிடம் ஒன்றிரண்டு படம் இருந்தால் அனுப்பு. வீட்டுக்கு வேண்டாம். நூலக முகவரி கீழே இருக்கிறது. இங்கே நூலகராக இருக்கும் அம்மா வாங்கி வைப்பார்.

அன்புடன்,
உன் தங்கை


ஜூன் 9, திங்கள்

என் வாலுக்கு,

"உன் தங்கை" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாயே, எனக்கு எத்தனை தங்கைகள்? உன் பெயரே உனக்கு மறந்துபோயிற்றா?

"நியாயம்தான்" என்ற ஒரு வார்த்தையில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்தான் பார்த்து முடித்த இடம். அதிர்ந்து பேசாத மாப்பிள்ளை என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். அதிராமலே ஒருத்தியை அடைத்துவைக்கலாம் என்று யார் கண்டது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ படிக்கும்போது உன் கணக்கை என் வீட்டுக் கணினியில் திறந்தாயே, அது இன்றுவரை அப்படியே திறந்து கிடக்கிறது. எனக்கு மூடத் தெரியாது, மூடவும் இல்லை. உள்ளே பார்த்தேன், துடைத்து வைத்த மாதிரி காலி. எங்கள் மருத்துவமனை எக்ஸ்ரே அறைக்காரர்தான் சொன்னார், அழித்தது உடனே போகாது, குப்பைக் கூடை என்று ஒன்று இருக்கும், அதில் அறுபது நாள் கிடக்கும் என்று. போய்ப் பார்த்தால் அத்தனையும் அங்கே இருக்கிறது. ஒவ்வொரு படத்தின் மேலும் நாள் போட்டிருக்கிறது. இன்னும் பதினொரு நாள். ஆனால் எடுத்து வெளியே வைத்தால், உன் பழைய கணக்கின் கடவுச்சொல் அவரிடம் இருக்கிறதே, அவர் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசனையாக இருக்கிறது. எது எது வேண்டும் என்று சீக்கிரம் எழுது.

உன் அக்கா


ஜூன் 11, புதன்

அக்கா,

உன் கடிதத்தை நூலகத்துக் கழிவறையில் நின்று படித்தேன். போன தடவை எழுதாமல் விட்டதை இப்போது எழுதிவிடுகிறேன்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம். என் மருந்தாளுநர் பதிவுச் சான்றிதழை ஒருமுறை போனில் படம் எடுத்திருந்தேன். அசல், வங்கி லாக்கரில் இருக்கிறது. லாக்கர் அவர் பெயரில், சாவியும் அவரிடம். திரும்ப வேலைக்குப் போகட்டுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டேன். பத்திரமா இருக்கட்டும் என்றார், இரண்டு முறையும் அதே சிரிப்போடு. அந்தப் படம் இருந்தால், அதிலிருக்கும் எண்ணை வைத்து நகல் வாங்கலாம். நகல் இருந்தால் எந்த ஊரிலும் ஒரு மருந்துக் கடையில் நிற்கலாம். நான் என்ன சொல்கிறேன் என்று உனக்குப் புரியும்.

பார்க்க அழகாக இருக்காது. மங்கலான ஒரு காகிதம், ஓரத்தில் என் கட்டைவிரல். மற்ற ஆறாயிரமும் போனால் போகட்டும், அதை மட்டும் விட்டுவிடாதே.

உன் தங்கை


ஜூன் 13, வெள்ளி

என் வாலுக்கு,

உன் பதிலுக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. எட்டே நாள் என்று அது காட்டக் காட்ட எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேற்று எக்ஸ்ரே அறைக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து வேலையை முடித்துவிட்டேன்.

ஆறாயிரத்தையும் எடுக்க நேரமில்லை. நீ சிரிக்கிற படமாகப் பொறுக்கினேன். நாற்பத்தொன்று தேறியது. கூடையிலிருந்து மீட்டு, பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, திரும்பக் கூடையிலேயே போட்டேன். கடைசியாக, கூடையையும் காலி செய்துவிட்டேன். நாம் வந்துபோன சுவடே இல்லை. பத்தொன்பது வருஷமாக எட்டு வார்டுக்குத் துப்புரவு மேற்பார்வை பார்க்கிறவளிடமா கதை? நிறைந்த கூடையைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா எழுந்து வர முடியாது.

சபாஷ் அக்கா என்று ஒரு வரி எழுது.

உன் அக்கா


ஜூன் 14, சனி

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது.

கட்டைவிரல் தெரிந்த மங்கலான காகிதத்தை நான் பார்த்தேன். மளிகைக் கடை பில் என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பதற்கு இனி வேறு ஆளைத் தேட வேண்டாம். கூடை காலியான பிறகு திரும்ப எடுக்க வழியே இல்லையாம், நாலு பேரிடம் கேட்டுவிட்டேன்.

உன்னை அங்கே தள்ளியதும் நான்தான், கதவைச் சாத்தியதும் நான்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா


ஜூன் 18, புதன்

அக்கா,

உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாகக் கிடைத்தன. முதலில் வெள்ளிக்கிழமைக் கடிதத்தைத்தான் பிரித்தேன். அதனால் ஒரு நிமிஷம் சிரித்தேன்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதி அடித்துவிட்டேன். கோபம் இருக்கிறது. இந்தக் கடிதம் முடிவதற்குள் போய்விடும் என்று நினைக்கிறேன்.

இங்கே ஜன்னல் திறக்கிறது, கதவு திறக்கிறது, லிஃப்ட் வேலை செய்கிறது. பூட்டிவைத்த வீடாக இருந்தால் யாரிடமாவது சொல்லியாவது அழலாம். இவர் என்னை அடிப்பதில்லை, திட்டுவதில்லை. தலை வலித்தால் மாத்திரை எடுத்துத் தருகிறார். மாத்திரையின் பெயரை எனக்கே விளக்கிச் சொல்கிறார், நான் எதுவும் படிக்காதவள் மாதிரி. நேற்று டிவியில் என் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கடை வாசல், பஸ் நிறுத்தம், நூலக அலமாரி. அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "எவ்ளோ நிம்மதியா இருக்க பாரு" என்றார். ஆமாம் என்றேன். எனக்கே அது உண்மையாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

நீ சாப்பிடு. பட்டினி கிடந்தால் உன் முழங்காலுக்கு ஆகாது.

உன் தங்கை


ஜூன் 24, செவ்வாய்

என் வாலே,

உட்கார்ந்துகொண்டு படி.

உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அந்த நாற்பத்தொன்றில் ஒரு படத்தைக் கடையில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். நீ வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மருந்துக் கடை கவுண்டருக்குப் பின்னால் வாயெல்லாம் பல்லாக நிற்கிறாயே, அந்தப் படம். சுவரில் மாட்டலாம் என்று ஆணியைக் கையில் எடுத்தபோதுதான் பார்த்தேன். உன் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு சட்டம் தொங்குகிறது. வேலை பார்க்கிறவரின் பதிவுச் சான்றிதழைக் கடையில் மாட்டிவைக்க வேண்டும் என்று நீதானே அன்றைக்கு எனக்குப் பெருமையாகக் காட்டினாய்! பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், பதிவு எண் தெரிகிறது. கடைசி இலக்கத்தின் மேல் மட்டும் ட்யூப் லைட் வெளிச்சம் அடிக்கிறது.

நேற்று விடுப்புப் போட்டுவிட்டு மருந்தாளுநர் கவுன்சிலுக்குப் போனேன். கடைசி இலக்கம் இல்லையென்றால் பத்துப் பேரைத் தேட வேண்டும், இன்று முடியாது என்றார் எழுத்தர். நீங்கள் தேடும்வரை இருக்கிறேன் என்று எதிரிலேயே உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியவில்லை. அவர் மேஜைக்கடியில் இருந்த கூடை வழிந்துகொண்டிருந்தது, எடுத்துக் கொட்டிவிட்டு வந்து வைத்தேன். அவருக்கே வெட்கமாகிவிட்டது. தேடினார். எட்டாவது ஆள் நீ.

ஒரே ஒரு தடங்கல். நகலுக்கு நான் கையெழுத்துப் போட முடியாதாம். "ஆளே நேர்ல வரணும்மா, வேற வழியில்ல" என்றார். நூலக அட்டை வாங்கக் காட்டியிருப்பாயே, அந்த அடையாள அட்டை போதுமாம். காலையில் கிளம்பினால் ஆறு மணி நேரப் பஸ். மற்றதை என்னால் செய்ய முடியும், இதை மட்டும் நீதான் செய்ய வேண்டும்.

கட்டில் போட்டாயிற்று.

உன் அக்கா


ஜூலை 2, புதன்

அக்கா,

என்னால் முடியாது.

இனி புத்தகங்களையும் போனிலேயே படிக்கலாமாம், அதற்குப் பணம் கட்டிவிட்டார். வெயிலில் எதற்கு அலைகிறாய் என்கிறார். அடுத்த புதன் கையிலுள்ள புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வருவதோடு நூலகம் முடிந்தது. இதற்குப் பதில் போடாதே, போட்டாலும் என் கைக்கு வராது.

பஸ் நிலையத்தை மனதில் நினைத்துப் பார்த்தேன். அங்கே நின்றதும் என் கை தானாகப் போனைத் தூக்கிப் படம் எடுத்துவிடும் என்று தோன்றுகிறது. அப்படி ஆகிவிட்டேன். அவர் தேடி வந்து சத்தம் போட்டால்கூடத் தாங்குவேன். சிரித்துக்கொண்டே வந்து, வா போகலாம் என்றால் போய்விடுவேன்.

அந்தப் படத்தைச் சுவரில் மாட்டு. அவளாவது அங்கே இருக்கட்டும்.

உன் தங்கை


ஜூலை 9, புதன்

அக்கா,

இதைப் புத்தகம் திருப்பும் தேதிச் சீட்டின் பின்பக்கம் எழுதி, தபாலில் போடச் சொல்லி நூலகத்து அம்மாவிடம் கொடுக்கிறேன். போன வாரம் முடியாது என்று எழுதினேன்; இந்தப் புதனை விட்டால் எனக்கு வேறு புதன் இல்லை. இது உன் கைக்குக் கிடைக்கும்போது நான் உன் வீட்டில் இருப்பேன். பிறகு எதற்குக் கடிதம் என்பாய். என்றைக்காவது நான் திரும்பப் போகிறேன் என்று சொன்னால், எதுவும் பேசாமல் இதை எடுத்து என் முன்னால் வை.

பத்து மணிக்கு அலமாரி முன்னால் நின்று வழக்கமான படத்தை அனுப்பிவிட்டேன். பன்னிரண்டு வரைக்கும் என்னைத் தேட மாட்டார். பிறகு அந்தப் பொதுக் கணக்கைத் திறந்து, இரண்டு வருஷப் படங்களில் என்னுடையதை எல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டேன். ஆயிரத்து நூற்று நாற்பது. கடை வாசல், பஸ் நிறுத்தம், பல் வைத்தியர், அலமாரி, அலமாரி, அலமாரி. அழிக்கட்டுமா, நிச்சயமா என்று கேட்டது. ஆமாம் என்றேன். எழுந்திருக்கப் போனவளுக்கு உன் நினைவு வந்தது. திரும்ப உட்கார்ந்து கூடையைத் திறந்து, அதையும் காலி செய்தேன். இனி திரும்ப எடுக்க முடியாது, நிச்சயமா என்று இன்னொரு முறை கேட்டது.

இரண்டு வருஷத்தில் என்னிடம் அப்படிக் கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும்வரை காத்திருந்தது அது ஒன்றுதான், அக்கா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

போனைத் தொலைந்த பொருட்கள் பெட்டியில் போட்டுவிட்டேன். அடையாள அட்டை பையில் இருக்கிறது. பதினொன்றே காலுக்குப் பஸ்.

வாலு