அறுபது நாள் விதி

நவம்பர் 17, திங்கள்
கேமராப் பதிவுகள் சேரும் கிளவுடில் இடம் சரியாக இருக்கிறது. எங்கள் கம்பெனிக்கு மூன்று கிளவுட். ஒன்றில் மெயில், ஒன்றில் ஆவணங்கள், ஒன்றில் கேமரா. மெயிலை அழித்தாலும் முப்பது நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். ஆவணங்கள் ஏழு வருடம். கேமராவுக்கு அறுபது நாள்தான். அதன்பின் தொட்டியும் கிடையாது, தேடவும் முடியாது. எதை எவ்வளவு நாள் வைப்பது என்று எழுதியவள் நான்.

"உங்க பாலிசி இருக்கிற தைரியத்துலதான் ஆடிட்டர் முன்னாடி உக்கார்றேன் மேடம்" என்றார் மேனேஜர் பூபாலன். ஐயப்பன்தாங்கல் வந்து பஸ் இறங்கும்வரை அந்த வாக்கியம் கூடவே வந்தது. நாற்பத்து நாலு வயதில் இதற்கு மகிழ்கிறேன்.

நவம்பர் 24, திங்கள்
தினமும் என்னோடு சாப்பிடும் அஞ்சலைக்கு அடிபட்டுவிட்டது. அவள் ஓட்டும் மூன்றாம் நம்பர் பிரஸ், தகடு அழுத்தும் மெஷின். வலது கையில் இரண்டு விரல்.

மதியம் அவள் டிபன் பாக்ஸை நான்தான் எடுத்து வைத்தேன். திறக்கவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்
கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்த வேண்டிய சென்சாரின் வயர் கழற்றப்பட்டிருந்ததாம். வேகமாக ஓட்டுவதற்காக அஞ்சலையே கழற்றியிருப்பாள் என்று அலுவலகத்தில் பேச்சு.

ஆஸ்பத்திரியில் அவளிடம் இதை எப்படிச் சொல்வது? அவளே கேட்டுவிட்டாள். "நான் கயட்டினேன்னு சொல்றாங்களாமே அருளு? எனக்கு ஊட்டுல பல்பு மாத்தவே தெரியாது. கை போனா மிசினு நின்னுடும்னு நம்பிக்கினுதானே உட்டேன்."

கட்டின் மேல் ஒரு ஈ. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 26, புதன்
பதிவுகளைப் பின்னோக்கி ஓட்டினேன். அக்டோபர் 3, காலை. ஆயுத பூஜை முடிந்து முதல் வேலை நாள். மூன்றாம் பிரஸ் ஓட மறுக்கிறது. எலக்ட்ரீஷியன் வெங்கட் சென்சாரைத் துணியால் துடைக்கிறார், மறுபடி துடைக்கிறார். பூபாலன் வந்து நின்று ஏதோ சொல்கிறார். வெங்கட் வயரைக் கழற்றி வேறு இடத்தில் செருகுகிறார். சென்சார் இல்லாமலே பிரஸ் ஓடுகிறது.

ஏன் நின்றது? இன்னும் பின்னால் போனேன். அக்டோபர் 1, பூஜை நாள். மாலை போட்ட மெஷின்கள். வரிசையாகச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு வருகிறாள் ஒருத்தி. மூன்றாம் பிரஸ்ஸில், சரியாகச் சென்சாரின் கண்ணாடி மேல், மூன்று விரலால் அழுத்தமாக ஒரு பூச்சு. மேலே குங்குமம். கண்ணாடி மறைந்தால் கை உள்ளே இருப்பதாகவே அது நினைக்கும்.

அந்த நீலப் புடவை என்னுடையது.

நவம்பர் 27, வியாழன்
நான் பதிவுகளைப் பார்த்தது தெரிந்து பூபாலன் என் மேஜைக்கே வந்தார். குரல் எப்போதும்போல மரியாதையாகத்தான் இருந்தது.

"நீங்க எதையும் அழிக்க வேணாம் மேடம். தப்பு அது. எதையும் தொடாதீங்க, அவ்ளோதான். ரூல் அது பாட்டுக்கு ஓடட்டும்."

ஒரு நாளின் பதிவைத் தேர்ந்து 'நிறுத்தி வை' கொடுத்தால் விதி அதைத் தொடாது. கொடுக்காவிட்டால் தானாகப் போய்விடும். நான் சும்மா இருந்தாலே போதும். சும்மா இருப்பது குற்றமா?

நவம்பர் 29, சனி
அக்டோபர் 1-ஆம் தேதிப் பதிவு நாளைக்கு அழியும். அக்டோபர் 3 செவ்வாய் வரை இருக்கும். நடுவில் ஒரு திங்கட்கிழமை.

நவம்பர் 30, ஞாயிறு
சர்ச்சில் பூசைக்குப் போனேன். கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக்கால முதல் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். திரும்பி வந்து துணி துவைத்தேன், அலமாரி அடுக்கினேன், மீன் கழுவினேன். லேப்டாப்பைத் திறக்கவில்லை.

டிசம்பர் 1, திங்கள்
அக்டோபர் 3-க்கு 'நிறுத்தி வை' கொடுத்தேன். மூன்று வினாடி வேலை. பூபாலனிடமும் சொன்னேன். போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அஞ்சலைக்கு இது போதும். போதும்தானே?

டிசம்பர் 4, வியாழன்
தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். பதிவைப் போட்டுக் காட்டினேன். கழற்றியது அஞ்சலை இல்லை என்பது தெரிந்துவிட்டது. பதிவில் சத்தம் கிடையாது. பூபாலன் உடனே, "நான் சும்மா பாக்க வந்தேன் சார். வயரைக் கழட்டினது இவன்" என்றார்.

வெங்கட் முன்னால் வந்தார். "சந்தனம் காஞ்சி போய் சென்சாரு வேலை செய்யல சார். தொடைச்சும் வர்ல. இவர்தான் சென்சார உட்டுட்டு டைரக்ட் குடுத்து ஓட்டுன்னாரு."

"மெஷின நிறுத்துனது சந்தனமா? நல்ல கதையா கீதேன்னு நெனைப்பாங்கடா" என்று பூபாலன் வெங்கட்டின் பாஷையிலேயே கிண்டல் செய்தார். யாரோ சிரித்தார்கள். ஆய்வாளர் என்னைப் பார்த்து, பூஜை நாள் பதிவு இருக்கிறதா என்றார்.

"விதிப்படி அழிஞ்சிடுச்சு சார்."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் வெங்கட் தலையைக் குனிந்துகொண்டு நின்ற இடத்தைத் தாண்டித்தான் நான் என் மேஜைக்குப் போக வேண்டியிருந்தது.

டிசம்பர் 5, வெள்ளி
ஆய்வாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சந்தனம் வைத்தது நான். அந்தப் பதிவை 26-ஆம் தேதி பார்த்தேன். காப்பாற்ற முடிந்தும் அழிய விட்டேன். வெங்கட் சொன்னது உண்மை. கையெழுத்து, தேதி.

"யாருமே கேக்காத இடத்துல போயி மாட்டிக்கிறீங்களே மேடம்" என்றார் பூபாலன். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை என்று தோன்றியது.

டிசம்பர் 19, வெள்ளி
காலையில் மூன்று கிளவுடிலும் என் பாஸ்வேர்ட் வேலை செய்யவில்லை. ஸ்டோர் ரூமில் பழைய ஃபைல்களை அடுக்கச் சொன்னார்கள். அடுக்கினேன்.

சென்சாரைத் துண்டித்து ஓட்டச் சொன்னது நிர்வாகம், தொழிலாளி மீது தவறில்லை என்று அறிக்கை வந்திருக்கிறது. அதைச் சொல்ல, மாலை நூம்பலில் இருக்கும் அஞ்சலை வீட்டுக்குப் போனேன். இடது கையால் டீ ஆற்றிக் கொடுத்தாள், பாதி தரையில். அறிக்கையைச் சொன்னேன். பிறகு மீதியையும் சொன்னேன்: சந்தனம், ஞாயிற்றுக்கிழமை, எல்லாம்.

டீ ஆடை கட்டிவிட்டது.

"கிண்ணத்த கைல வெச்சிக்கினு உன் பின்னாடியே வந்தது யாரு?" என்றாள். "நான்தானே. 'அந்தக் கண்ணுக்கும் ஒண்ணு வை அருளு'ன்னேனே. நான் படத்துல இல்லியா?"

இருந்திருப்பாள். நான் என் கையை மட்டும்தான் பார்த்தேன்.