திரைச்சீலைக்கு எதற்கு டைல்ஸ் பிட்?

"ஒரு திரைச்சீலை மாட்ட, மலிவா ஒரு ட்ரில் போதாதா—"

"போதாதுடி. டைல்ஸ்ல ஓட்டை போடுற பிட்டும் சேர்ந்து வரணும்."

என்னங்க, காலையில் நீங்கள் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. இதை எழுதி வைத்துவிட்டு நான் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன். சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. கடைக்காரர் ட்ரில் கொண்டு வந்தால், இரண்டு பேட்டரி உள்ள பெட்டியையே எடுங்கள்.

ஆனால் நம் வீட்டில் டைல்ஸ் இருப்பது குளியலறையில் மட்டும்தான். அங்கே திரைச்சீலை மாட்ட ஜன்னல் ஏது? நாற்பது வருடத்தில் ஓர் ஆணி அடித்தறியாத மனுஷர் நீங்கள். துவைக்கப் போட்ட சட்டைப்பையில் கைப்பிடிக் கம்பியின் அளவு எழுதிய சீட்டும் இருந்தது.

பின்குறிப்பு: போன வாரம் குளியலறையில் நான் வழுக்கி விழுந்ததைப் பற்றி ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. உங்களுக்கு யாருங்க சொன்னது?