கையில் இரண்டு ஏஸ்

மார்கழி 6, ஞாயிறு

கிளப் போக்கர் போட்டியில் இன்று ஜெயித்தேன். தூக்கம் வரவில்லை.

எதிரில் கொட்டச்சேடு ராமசாமி அண்ணன். மனைவி தவறி ஒரு மாதம்தான் ஆகிறது. எந்தச் சீட்டு வந்தாலும் அவர் கீழே வைத்து ஆட்டத்தை விட்டு விலகவேயில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் சிரித்தபடி பந்தயச் சிப்ஸைத் தள்ளிக்கொண்டே இருந்தார். இப்படி ஆடுகிறவரிடம், நல்ல சீட்டு வந்தால் தயங்காமல் பந்தயத்தை ஏற்றிவிட வேண்டும். எனக்கு இரண்டு ஏஸ் வந்தது. மொத்தத்தையும் தள்ளினேன். வெறும் எட்டையும் மூன்றையும் வைத்துக்கொண்டு அவரும் தள்ளினார். தோற்றுப் போட்டியிலிருந்தே வெளியேறினார். மணி மூன்றுகூட ஆகவில்லை.

"ஏனுங்க தம்பி, இத்தன சீக்கிரம் என்னை ஊட்டுக்கு அனுப்பிட்டீங்களே" என்றார்.

"நொம்ப மோசமான சீட்டுங்கண்ணா. கீழ வச்சிருக்கலாமுங்களே?"

"வச்சுட்டா சும்மா பாத்துட்டே உக்காந்திருக்கோணும் கண்ணு. அதுக்குத்தான் ஊடு இருக்குதே."

ஆறு மணிக்குக் கோப்பையோடு திரும்பினேன். ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்பில் அண்ணன் பனிக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் ஊருக்குப் போகும் கொட்டச்சேடு பஸ் வந்து நின்று, கிளம்பிப் போனது. அவர் எழுந்திருக்கவில்லை.

கோப்பையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாகவே நடந்து வந்துவிட்டேன். பக்கத்தில் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்திருக்கலாம்.