டிரெய்லர் விளக்கு எரியாத காரணம்

புதுக்கடை,
18-9-1953

பீருமேட்டுத் தேயிலைத் தோட்ட ஆபீசில் வேலை பார்க்கும் என் மகன் ஜான்ரோசுக்கு அப்பா ஞானசிங் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம்.

டிரைவர் செல்வதாஸ் விளக்குப் போடாமல் வண்டியை நிறுத்தினான் என்று நீ போலீசில் எழுதிக் கொடுத்தது பொய். அவன் விளக்குப் போட்டான். நீ பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தாய். நடந்த அநியாயம் இதுதான்.

டிரெய்லரில் மோதிக் கால் ஒடிந்த சுயம்புவை நேற்று பார்க்கப் போனேன். கால் எலும்பு சேர்ந்து வருவதாக வைத்தியர் சொல்கிறார். அவன் கருப்பட்டி கொண்டு போகிற சைக்கிள் வளைந்தபடியே சுவரில் சாய்ந்திருக்கிறது. என்மேல் அவனுக்குக் கோபமில்லை. “அண்ணாச்சி, டிரெய்லருல ஒரு பொட்டு வெளிச்சம் கிடந்தா நான் என்னத்துக்கு அதில கொண்டு முட்டுகேன்? எனக்கு என்ன கண்ணு பொட்டையா?” என்று கேட்டான். சுயம்பு சொல்வதும் உண்மை, செல்வதாஸ் சொல்வதும் உண்மை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று நீ யோசிக்கவில்லை.

உன் கடிதம் வந்தது. அப்பா இழுத்த வயர் கெட்டுப்போனது என்று கோர்ட்டில் வந்தால் அப்பாவுக்கு அவமானம், செல்வதாஸ் என்றால் அபராதத்தோடு போய்விடும் என்று எழுதியிருக்கிறாய். அபராதத்தோடு போகாது. அவன் லைசென்சு இப்போதே போலீசில் இருக்கிறது. குற்றம் என்று தீர்ப்பானால் திரும்பி வராது. அவனுக்கு வேறு தொழில் தெரியாது. அவன் மனைவி பேபிக்கு இது நிறைமாசம். என்னைக் காப்பாற்றச் சொல்லி நான் உன்னிடம் கேட்கவில்லை. என் வயரை ஒரு தடவை தொட்டுக்கூடப் பார்க்காமல் கெட்டது என்று முடிவு செய்தாய். அதுவும் எனக்கு மறக்காது.

ஜீப்பையும் டிரெய்லரையும் பட்டாளத்து ஏலத்தில் நான் எடுத்தபோது வயரெல்லாம் அறுந்து கிடந்தது உனக்குத் தெரியும். யாரிடமும் கேட்காமல் நானே இழுத்தேன். கரண்டு வயர் வழியாகப் பல்புக்குப் போகிறது. திரும்பி வருவது வண்டியின் இரும்பு வழியாக. அதை எர்த் என்பார்கள். டிரெய்லரை மாட்டும் கொக்கியே போதும் என்று நாகர்கோவில் ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். கொக்கியில் கிரீசும் துருவும் இருக்கும், அதை நம்ப முடியாது. தனியாக எர்த் வயர் போட்டு, டிரெய்லர் சட்டத்தை இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி, அந்த இடத்தில் போல்ட் வைத்து முறுக்கினேன். அதற்குப் பிறகு எத்தனை மழை பெய்தும் அந்த விளக்கு அணைந்ததில்லை.

சபையார் எல்லோரும் கூடி உண்கிற அசனத்துக்கு நீ லீவில் வந்தாய். அரிசி ஏற்றிக்கொண்டு கோயில் வாசலுக்குப் போகிற வண்டி துருவோடு போகக்கூடாது என்று டிரெய்லருக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தாய். அசனத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். நீ அரைகுறையாகவும் செய்யவில்லை. போல்ட்டைக் கழற்றி, அடியிலும் அடித்து, காய்ந்தபின் முறுக்கியிருக்கிறாய். நான் சுரண்டிய இடம் உன் கண்ணுக்குக் குறையாகப் பட்டிருக்கும். பெயிண்டுக்குள் கரண்டு போகாது.

அசனம் முடிந்து, சோறு பொங்க இரவல் வாங்கிய வார்ப்புப் பாத்திரங்களை இராத்திரி இராஜாக்கமங்கலத்தில் திருப்பிக் கொடுக்கப் போகும்போதுதான், பெயிண்ட் அடித்த பிறகு முதல் தடவையாக விளக்குப் போட வேண்டி வந்தது. பாத்திரம் கட்டிய கயிறு தளர்ந்ததால் நிறுத்தினீர்கள். பாட்டரி இறங்காமல் இருக்க செல்வதாஸ் முன்னால் சின்ன விளக்கை மட்டும் வைத்தான். ஜீப்பின் பின்விளக்கை டிரெய்லர் மறைத்தது. டிரெய்லரில் விளக்கு இல்லை. சுயம்பு வந்து மோதினான்.

போலீசார் வண்டியைத் திருப்பிக் கொடுத்ததும் சோதித்தேன். பல்பு நல்லது. விளக்குக் கூட்டிலிருந்து ஒரு துண்டு வயரை ஜீப்பின் இரும்பில் தொட்டதும் எரிந்தது. போல்ட்டைக் கழற்றினேன். அடியில் பச்சை. சுரண்டவில்லை. கோர்ட்டில் காட்ட வேண்டும் என்பதால் அப்படியே முறுக்கி வைத்திருக்கிறேன்.

பெயிண்ட் அடித்தது தெரியாமல் செய்தது. அதற்கு உன்மேல் எனக்கு வருத்தமில்லை. எழுதிக் கொடுத்தது தெரிந்து செய்தது.

செல்வதாசிடம் இதைச் சொன்னேன். “சின்ன மொதலாளி சொன்னது சொன்னதா இருக்கட்டும். நான் ஒத்துக்கிடுகேன். நாளைக்கும் உங்க வண்டியிலதானே நான் ஏறணும்?” என்றான். “ஏலே, லைசென்சு போனா பின்ன எந்த வண்டியில ஏறுவ, மாட்டு வண்டியிலயா?” என்று கேட்டேன்.

இவ்வளவையும் உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “இது பிள்ளைக்கு எழுதுக கடிதமா, கச்சேரிக்கு எழுதுக மனுவா?” என்றாள். பிறகு, “பெயிண்டு அடிச்சதும் எனக்க பிள்ளைதான்னு அங்க சொல்லணுமா?” என்று கேட்டாள். சொல்லத்தான் வேண்டும் என்றேன்.

முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னால் கோர்ட்டில் உன்னைக் கடுமையாகக் கேட்பார்கள். உன் துரை காதுக்கும் போகலாம். அதையெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

இனி ஆக வேண்டியவை. அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை பத்மநாபபுரத்தில் கேசு. நீ புதன்கிழமையே வந்து சேர வேண்டும். செல்வதாஸ் சுவிட்சைப் போட்டதைப் பார்த்தேன் என்றும், பெயிண்ட் அடித்தது நான்தான் என்றும் நீ சொல்ல வேண்டும். அப்பாவுக்காகப் பொய் சொன்னேன் என்று சொல்லி இரக்கம் தேடக்கூடாது. செல்வதாஸ் எதையும் ஒத்துக்கொள்ளாமல் நிற்க வேண்டும். வண்டி என் பேரில் இருக்கிறது, அதற்குரிய தண்டனையை நான் ஏற்க வேண்டும். சுயம்பு எழுந்து நடக்கும்வரை அவன் கருப்பட்டியைச் சந்தையில் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை. நீ வந்து இறங்கியதும் அம்மா சோறு போட வேண்டும். சாப்பிடும்போது ஒன்றும் கேட்கக்கூடாது என்று அவளிடம் சொல்ல வேண்டும். நானும் கேட்க மாட்டேன்.

மலை இறங்கி வரும் வழியெல்லாம் கர்த்தர் உன்னோடு இருக்கட்டும்.

அப்பா,
ஞானசிங்